கப்பல் ஆடினால் வயிறு ஏன் புரட்டுகிறது?

என் முதல் கப்பல் பயணத்தில் ஜன்னல் இல்லாத உள் அறைதான் எடுத்திருந்தேன். தூங்குவதற்கு மட்டும்தானே, ஜன்னல் எதற்கு என்ற நினைப்பு. துறைமுகத்தை விட்டுக் கிளம்பி மூன்று மணி நேரம் இருக்கும். கட்டிலுக்கு அடியில் பெட்டியைத் திறந்து, குனிந்து பல் பிரஷைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, கதவின் கொக்கியில் மாட்டியிருந்த சட்டை கண்ணில் பட்டது. அது கதவை விட்டு நாலு விரற்கடை விலகி அந்தரத்தில் நின்றது. மெல்லத் திரும்பி வந்து கதவோடு ஒட்டியது. மறுபடியும் விலகியது. அறையில் வேறு எதுவுமே அசையவில்லை. எனக்கு வாயில் எச்சில் ஊறியது, காரணமில்லாமல் கொட்டாவி வந்தது, நெற்றி சில்லென்று வியர்த்தது. அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம்.

விஷயம் முழுவதும் அந்தச் சட்டையில்தான் இருக்கிறது. சட்டை அசையவே இல்லை, நேராகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சாய்ந்து நிமிர்ந்ததெல்லாம் கதவும் சுவரும் தரையும் நானும்தான். ஆனால் அறைக்குள் இருக்கும் கண்ணுக்கு அது தெரியாது. சுவரும் கட்டிலும் நம்மோடு சேர்ந்தே சாய்வதால், எல்லாம் சும்மா இருக்கிறது என்று கண் அடித்துச் சொல்லும். காதோ, ‘இல்லை, ஆடிக்கொண்டிருக்கிறோம்’ என்று சொல்லும். இந்த இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகாதபோது வருவதுதான் சீ சிக்னஸ். கடல் குமட்டல், கடற்பிணி என்றும் சொல்கிறார்கள். பிணி என்று பெயர் வைத்தாலும் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. சொல்லப்போனால், காது ஒழுங்காக வேலை செய்கிறவருக்குத்தான் இது வரும்.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

காது கேட்பதற்கு மட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உட்செவியில் இன்னொரு கருவியும் இருக்கிறது. ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். ஒரு குவளையில் தண்ணீர் எடுத்துச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். குவளை திரும்பிவிடும், தண்ணீர் கொஞ்சம் பின்தங்கும். திருப்புவதை நிறுத்தினாலும் தண்ணீர் சற்று நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். தலை திரும்பும்போது அந்தக் குழல்களிலும் இதேதான் நடக்கிறது. பின்தங்கும் திரவம் ஒரு மெல்லிய சவ்வைத் தள்ள, ‘தலை திரும்புகிறது’ என்ற செய்தி மூளைக்குப் போகிறது. சிறு வயதில் தட்டாமாலை சுற்றி நின்ற பிறகும் உலகம் சுற்றியதே, அது இந்தத் திரவத்தின் வேலை.

குழல்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றின் உள்ளே கூழ் போன்ற பரப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் பதிந்திருக்கும். உடம்பு மேலே போனாலும் கீழே இறங்கினாலும் முன்னால் பாய்ந்தாலும் துகள்கள் நகர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும். லிஃப்ட் கிளம்பும்போது கண்ணை மூடியிருந்தாலும் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று தெரிவது இதனால்தான். கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டம் மாதிரி, நமக்கு இரண்டு காதிலும் ஒவ்வொன்று.

இந்த ரசமட்டம் இல்லையென்றால் கடல் குமட்டல் இல்லை. அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் 1950களின் கடைசியில், காது கேளாதோருக்கான காலோடெட் கல்லூரியிலிருந்து 11 பேரைச் சோதனைகளுக்குத் தேர்ந்தெடுத்தன. ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் சிறு வயதில் மூளைச்சவ்வுக் காய்ச்சலால் கேட்கும் சக்தியை இழந்தவர்கள், அதோடு உட்செவியின் இந்தப் பகுதியும் செயலிழந்துவிட்டது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவை ஒட்டிய கொந்தளிப்பான கடலில் அவர்களைப் படகில் கூட்டிப்போனார்கள். அவர்கள் பாட்டுக்குச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆராய வந்தவர்கள்தான் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

சரி, காதும் கண்ணும் சண்டை போட்டால் வயிறு ஏன் புரட்ட வேண்டும்? இதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை கிடையாது. மிஷெல் டிரீஸ்மன் என்பவர் 1977-ல் சொன்ன கருத்துதான் பலருக்கும் தெரிந்தது. இயற்கையில் கண்ணும் காதும் இப்படி முரண்படுவது பெரும்பாலும் விஷம் உள்ளே போனால்தான். கெட்டுப்போனதையோ நச்சுக் காயையோ தின்றால் தலை சுற்றும், பார்வை தடுமாறும். அந்த நிலையில் வயிற்றில் இருப்பதை வெளியே தள்ளிவிடுவது உயிருக்கு நல்லது. மூளைக்குக் கப்பல் என்றால் என்னவென்று தெரியாது, ஏதோ நஞ்சைத் தின்றுவிட்டோம் என்று எடுத்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்த விளக்கம் இது. கமோடைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில், உடம்பு நம்மைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடு படுத்துகிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

எல்லா ஆட்டமும் குமட்டாது. கப்பல் முக்கியமாக மூன்று விதமாக ஆடும்: இடம் வலமாகச் சாய்ந்து நிமிர்வது, முன்முனையும் பின்முனையும் மாறிமாறி ஏறி இறங்குவது, முழுக் கப்பலுமே அலையோடு எழும்பி அமிழ்வது. குடலைப் பிடுங்குவது பெரும்பாலும் இந்த மேல்-கீழ் அசைவுதான். அதிலும் வேகம் முக்கியம். ஏறி இறங்க 5 அல்லது 6 விநாடி எடுக்கும் நிதானமான அசைவுதான் மிக மோசம் என்று ஆய்வுக்கூடங்களில் மனிதர்களை உட்காரவைத்து ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓடும்போதும் குதிரைச் சவாரியிலும் உடம்பு குலுங்கத்தான் செய்கிறது. அது வேகமான குலுக்கல் என்பதால் யாருக்கும் குமட்டுவதில்லை. கடலின் அலையோ, வேண்டுமென்றே அளந்து வைத்த மாதிரி, அந்த நிதானமான தாளத்துக்குப் பக்கத்தில்தான் அடிக்கடி வந்து நிற்கிறது.

இரும்பை மலிவாக எஃகாக்கும் வழியைக் கண்டுபிடித்த ஹென்றி பெஸ்ஸெமருக்குக் கடல் குமட்டல் கடுமையாக இருந்தது. ஆட்டத்தையே ஒழித்துவிடலாம் என்று ஒரு கப்பல் கட்டினார். அதன் நடுக்கூடம் தனியாக அச்சில் தொங்கும். ஓர் ஆள் ரசமட்டத்தைப் பார்த்தபடி நீரழுத்த எந்திரத்தை இயக்கி, கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் கூடத்தை மட்டம் குலையாமல் வைத்திருப்பார். யோசனை என்னவோ அருமை. 1875-ல் இங்கிலாந்திலிருந்து பிரான்சின் கலே துறைமுகத்துக்குப் போன கப்பல், அங்கே போய்த் துறைமேடையிலேயே மோதியது. கூடத்தை அன்று அசையாமல் பூட்டி வைத்திருந்தார்கள் என்பது கூடுதல் சோகம். முதல் போட்டவர்கள் நம்பிக்கை இழக்க, திட்டம் அதோடு படுத்துவிட்டது.

யாருக்கு வரும்

போதுமான அளவு ஆட்டினால் கிட்டத்தட்ட யாருக்கும் வரும். எவ்வளவு ஆட்டத்தில் வரும் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அநேகமாக வருவதில்லை. பள்ளி செல்லும் வயதில் உச்சத்தில் இருக்கும், வயது ஏற ஏறக் குறையும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கர்ப்பிணிகளுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இன்னும் அதிகம். பஸ்ஸில் புத்தகம் படித்தால் தலை சுற்றுகிறதா? மலைப்பாதையில் காரின் பின்சீட்டில் உட்கார முடியவில்லையா? அப்படியென்றால் கப்பலிலும் எதிர்பார்த்துக்கொண்டு போவது நல்லது. அதே மலைப்பாதையில் காரை ஓட்டுகிறவருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். கண்ணும் காதும் கையும் ஒரே கதையைச் சொல்கின்றன. பின்னால் வரும் பல யோசனைகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

மனதைரியம் இல்லாதவர்களுக்கு வருவது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரிட்டனின் பெரிய கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கடைசிவரை இந்தத் தொந்தரவு இருந்தது. மனசுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. இஸ்ரேலியக் கடற்படைப் பயிற்சியாளர்களில் ஒரு பகுதியினரிடம், ‘உங்களுக்கு இது வர வாய்ப்புக் குறைவு, வந்தாலும் வேலையைப் பாதிக்காது’ என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படிச் சொல்லப்படாதவர்களைவிட அவர்கள் குறைவாகவே அவதிப்பட்டார்கள். 1995-ல் வெளியான ஆய்வு இது. ஆகவே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யார் எத்தனை முறை வாந்தியெடுத்தார் என்று கதை பேசும் கூட்டத்திலிருந்து நழுவிவிடுங்கள்.

டிக்கெட் போடும்போதே

சீசாப் பலகையின் நடுவில் நிற்பவருக்கு ஆட்டம் குறைவு, முனையில் உட்கார்ந்தவருக்கு அதிகம். கப்பலும் அப்படித்தான். நீளவாக்கில் நடுப்பகுதி, உயரவாக்கில் கீழ்த்தளம், இந்த இரண்டும் சேரும் இடத்தில் அறை கிடைத்தால் ஆட்டம் மிகக் குறைவு. கடலோடிகள் அணியம் என்று சொல்லும் முன்முனையில், உச்சித் தளத்தில் இருக்கும் அறைகள் பார்க்க அழகாக இருக்கும். காற்றடிக்கும் இரவில் அந்த அழகுக்கு ஈடு கட்ட வேண்டியிருக்கும்.

ஜன்னல் வேண்டுமா? கடல் தெரியும் அறையில் கண்ணுக்குத் தொடுவானம் கிடைக்கும், பால்கனி இருந்தால் காற்றும் கிடைக்கும். ஆனால் பால்கனி அறைகள் பெரும்பாலும் மேல்தளங்களில் இருக்கும், அங்கே ஆட்டம் கூடுதல். ஒன்றைப் பெற்றால் இன்னொன்றை விட வேண்டும். என்னைக் கேட்டால், நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் இருந்தால் போதும். அதுவும் கிடைக்காமல் உள் அறைதான் என்றால் பயப்படத் தேவையில்லை. தூங்கும்போது கண் மூடித்தான் இருக்கும், விழித்திருக்கும் நேரத்தில் மேலே போய்விடலாம்.

பெரிய கப்பல் சின்னக் கப்பலைவிட மெதுவாகவும் குறைவாகவும் ஆடும். இன்றைய பயணிகள் கப்பல்களின் இரு பக்கமும் நீருக்கு அடியில், மீனின் துடுப்பு மாதிரி, உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடிய இறக்கைகள் உண்டு. கப்பல் சாயும்போது அவை கோணத்தை மாற்றிச் சாய்வை அடக்கும். நாடகங்களும் கடைகளும் நடக்கும் மிதக்கும் ஊர் போல அந்தக் கப்பல்கள் இருப்பதற்கு இந்த இறக்கைகளும் ஒரு காரணம். ஆனால் அவை அடக்குவது பக்கவாட்டுச் சாய்வை மட்டும்தான். முன்பின் ஏற்ற இறக்கத்தையும் மேல்-கீழ் எழும்பலையும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கப்பல் ஓடும்போது நீர் பாய்ந்தால்தான் வேலை செய்யும் என்பதால் நங்கூரமிட்டு நிற்கும்போதும் அவ்வளவு பலன் இருக்காது.

கப்பலைவிடக் கடலும் பருவமும் முக்கியம் என்பேன். தென் அமெரிக்காவின் முனைக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையே உள்ள டிரேக் நீரிணை உலகின் முரட்டுக் கடல்களில் ஒன்று. குளிர்கால வட அட்லாண்டிக்கும், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட பிஸ்கே விரிகுடாவும் பேர்போனவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். கோடைக்கால மத்தியதரைக் கடல் பொதுவாக அமைதி. அலாஸ்காவின் தீவுகளுக்கு இடையே புகுந்து போகும் உள்வழியில் அலையைத் தீவுகளே தடுத்துவிடும். முதல் பயணம் என்றால், தினமும் ஒரு துறைமுகத்தில் நிற்கும் பாதையை எடுங்கள். நாலைந்து நாள் கரையே தெரியாத பாதையை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை

அநேகம் பேர் சறுக்குவது இங்கேதான். குமட்டல் வந்த பிறகு மாத்திரையைத் தேடுகிறார்கள். குமட்டத் தொடங்கியதும் இரைப்பை வேலையை மந்தப்படுத்திவிடும். விழுங்கிய மாத்திரை கீழே இறங்காது, அங்கேயே கிடக்கும். பிறகு வாந்தியோடு வெளியே வரும். கப்பல் கிளம்புவதற்கு முன், உடம்பு நன்றாக இருக்கும்போதே போட வேண்டும். ‘ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு மாத்திரை’ என்று தோன்றும் நேரம்தான் சரியான நேரம்.

இந்த மாத்திரைகளில் ஒன்றின் கதை சுவையானது. 1947-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அரிப்புத் தடிப்புக்காக வந்த ஒரு கர்ப்பிணிக்கு, ஒவ்வாமைக்கான டைமென்ஹைட்ரினேட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டும் அந்தப் பெண், மாத்திரை போட்ட நாட்களில் குமட்டவில்லை என்று வந்து சொன்னார். மருத்துவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்கு அட்லாண்டிக்கைக் கடந்த ஒரு ராணுவக் கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை வைத்துச் சோதித்தார்கள், நன்றாகவே வேலை செய்தது. டிராமமைன் என்ற பெயரில் இன்றும் விற்பது அதுதான்.

டைமென்ஹைட்ரினேட்டை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போடுவார்கள், சில மணி நேரம்தான் தாங்கும். மெக்லிசின் நாளுக்கு ஒருமுறை போதும், தூக்கமும் சற்றுக் குறைவு. சின்னரிசினை இரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். புரோமெதசின் பலமானது, ஆளைத் தூக்கத்தில் சாய்த்துவிடும். எல்லாமே கொஞ்சம் தூக்கமும் வாய் வறட்சியும் தருபவை, மதுவோடு சேர்க்கவே கூடாது. மூக்கொழுகினால் போடும் செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புது ரக ஒவ்வாமை மாத்திரைகள் இதற்குப் பயன்படாது. தூக்கம் வராது என்பது அவற்றின் பெருமை. மூளைக்குள் அதிகம் போகாததால்தான் தூக்கம் வருவதில்லை, அதே காரணத்தால்தான் குமட்டலையும் தடுப்பதில்லை. வாந்திக்குப் பரவலாகக் கொடுக்கும் ஆன்டான்செட்ரானும் ஆட்டத்தால் வரும் குமட்டலைத் தடுப்பதில் சோபிப்பதில்லை.

காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபொலமைன் பட்டை வேறு வகை. கிளம்புவதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பு ஒட்டினால் மூன்று நாள் வரை மருந்து மெல்ல மெல்ல உள்ளே போகும், வாந்தி வந்தாலும் கவலையில்லை. எல்லா நாட்டிலும் கிடைக்காது, கிடைக்கும் இடங்களிலும் பெரும்பாலும் மருத்துவர் சீட்டு வேண்டும். ஊமத்தையில் இருக்கும் வேதிப்பொருட்களில் ஒன்றுதான் இந்த ஸ்கோபொலமைன். அதற்காக ஊமத்தையைத் தேடிப் போய்விடாதீர்கள், அளவு பிசகினால் ஆளைக் கொல்லும் செடி அது. பட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், சிறுநீர் போவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரலாம்.

குழந்தைகள், கர்ப்பிணிகள், வேறு மருந்து தினமும் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் எந்த மாத்திரையாக இருந்தாலும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். மற்றவர்களும் புது மருந்தை முதல்முறையாகக் கப்பலில் போட்டுப் பார்க்காமல், கிளம்புவதற்குச் சில நாள் முன்பு வீட்டில், எங்கும் வண்டி ஓட்டத் தேவையில்லாத ஒரு நாளில் போட்டுப் பாருங்கள்.

இஞ்சி? கேலி செய்ய வேண்டியதில்லை. 1988-ல் டென்மார்க்கின் கடற்படை மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், இஞ்சிப் பொடி சாப்பிட்டவர்களுக்கு வாந்தி குறைந்தது. வேறு சில சோதனைகளில் பலன் தெரியவில்லை. இலேசான ஆட்டத்துக்கு இஞ்சி மிட்டாய் வாயில் அடக்கிக்கொள்வது தப்பில்லை, புயலுக்கு அதை நம்பாதீர்கள். மணிக்கட்டை அழுத்தும் பட்டைகள், திரவ வளையம் வைத்த மூக்குக்கண்ணாடிகள் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மணிக்கட்டுப் பட்டையை ஆராய்ந்தவர்களின் முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

கப்பலில் ஏறியபின்

வெறும் வயிற்றோடு போனால் வாந்தி வராது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தப்பு. வெறும் வயிறும் புரட்டும், முட்ட முட்டச் சாப்பிட்ட வயிறும் புரட்டும். எண்ணெய் அதிகமில்லாமல், காரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலில் போன ஐந்து வருஷமும் குமட்டலால் அவதிப்பட்டார். மோசமான நாட்களில் பிஸ்கட்டும் உலர்திராட்சையும் மட்டும்தான் வயிற்றில் தங்கின என்று எழுதியிருக்கிறார். இன்றைய கப்பல் ஊழியர்கள் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் நீட்டுவார்கள். ஆப்பிளில் மருந்து எதுவும் இல்லை. சப்பென்று லேசாக ஏதோ வயிற்றில் கிடப்பதுதான் காரியம்.

முதல் நாள் மாலை கப்பல் கிளம்பும் நேரம், அறையில் பெட்டி அடுக்காதீர்கள். என் சட்டைக் கதை நினைவிருக்கட்டும். குனிந்து, கிட்டத்தில் இருக்கும் பொருளைப் பார்த்து, மூடிய அறையில் இருப்பது, குமட்டலை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். துறைமுகத்தில் நிற்கும்போதே அடுக்கிவிட்டு, கப்பல் கிளம்பியதும் நடுப்பகுதியில் திறந்த தளத்துக்குப் போங்கள். தொடுவானத்தைப் பாருங்கள். காது உணரும் ஆட்டத்தைக் கண்ணும் பார்க்கும்போது சாட்சி ஒத்துப்போகிறது. பக்கத்தில் தாவும் அலையைக் குனிந்து பார்க்க வேண்டாம், அது இன்னும் குழப்பும். போன், புத்தகம் இரண்டையும் கடல் அமைதியாகும்வரை ஒதுக்கி வையுங்கள். என்ஜின் புகை, சிகரெட், சமையல் வாசனை அடிக்கும் பக்கம் போகாதீர்கள்.

நிற்கும்போது கம்பியை இறுகப் பிடித்து மரமாக நிற்பதைவிட, முழங்காலைத் தளர்த்தி, கப்பல் ஏறும்போது நீங்களும் ஏறி, இறங்கும்போது இறங்கி, அதன் போக்கில் போவது நல்லது. காரோட்டியின் ரகசியமும் அதுதான்: அடுத்த அசைவை உடம்பு எதிர்பார்த்திருக்கும்.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. போதை என்பதோடு முடிந்துவிடுவதில்லை. இரத்தத்திலிருந்து காதுக் குழலில் உள்ள அந்த மெல்லிய சவ்வுக்குள் மது புகுந்து அதன் எடையையே மாற்றிவிடும், ரசமட்டம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். குடித்துவிட்டுப் படுத்தால் கட்டில் சுற்றுவது இதனால்தான். அதற்குமேல் கப்பலும் சுற்ற வேண்டுமா?

வந்தே விட்டால்

இது திடீரென்று வருவதில்லை, அறிகுறி காட்டும். கொட்டாவி, காரணமில்லாத சோர்வு, பேசப் பிடிக்காமை, எச்சில் ஊறல், முகம் வெளிறல், குளிர்ந்த வியர்வை. கூட வந்தவர் திடீரென்று மௌனமாகிவிட்டால் முகத்தைப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் வெளியே போனால் பல நேரம் தப்பிக்கலாம். தாண்டிவிட்டால், கப்பலின் நடுப்பகுதியில் மல்லாந்து படுத்து, தலையை அசைக்காமல், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு சாட்சியை வெளியே அனுப்பிவிட்டால் சண்டை பாதி அடங்கும். தூங்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. மூச்சை எண்ணி, நிதானமாக, ஒரே சீராக விடுவது குமட்டலைத் தள்ளிப்போடுகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

வாந்தி வந்தால் அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டாம். பிறகு தண்ணீரை ஒரே மடக்காகக் குடிக்காமல், ஒரு வாய், ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு வாய். உப்புச் சர்க்கரைக் கரைசல் இருந்தால் இன்னும் நல்லது. மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால் கப்பல் மருத்துவரிடம் போங்கள், ஊசியாகப் போடக்கூடிய மருந்து இருக்கிறது. கடல் குமட்டல் ஆளைக் கொல்லாது, நீரிழப்பு விஷயம் வேறு. ஒரு நாளாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோய், வலிப்பு, இதயம் இவற்றுக்குத் தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கு முன்பே போக வேண்டும், மாத்திரை வாந்தியில் போய்விட்டால் சிக்கல். கடல் குளம் மாதிரி இருக்கும்போது வாந்தியோடு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தால் அது கடலின் வேலை இல்லை. கப்பல்களில் வேகமாகப் பரவும் நோரோவைரஸாக இருக்கலாம். அறையிலேயே இருந்துகொண்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். தலைவலி தாங்க முடியாமல், கை கால் ஒரு பக்கம் தளர்ந்து, பேச்சு குழறினால் அதையும் கடல் தலையில் கட்டக் கூடாது.

மூன்றாம் நாள்

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் மூளை சமாதானமாகிவிடும். கப்பலில் தரை சாய்வதுதான் இயல்பு என்று கணக்கைத் திருத்திக்கொள்ளும். முதல் நாள் சுவரைப் பிடித்துத் தடவிப் போனவர், மூன்றாம் நாள் கையில் காபியோடு தளும்பாமல் நடந்து போவார். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. காலையில் எழுந்தபோது சட்டை அதே கொக்கியில் விலகி விலகி ஆடிக்கொண்டிருந்தது, நான் பாட்டுக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். டார்வினைப் போலக் கடைசிவரை பழகாதவர்களும் உண்டு, அவர்களுக்கு மாத்திரைதான் துணை.

புதுக் கணக்குக்குப் பழகிய மூளை, கரையில் இறங்கியதும் அதை உடனே விடாது. ஹோட்டல் குளியலறையில் தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடுவீர்கள், தரை மெல்ல எழும்பி அமிழும். ஒரு நாள் இரண்டு நாளில் அடங்கிவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் டாக்டரைப் பாருங்கள். அதுவரை குளிக்கும்போது ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள்.